ஓடுவதற்கு ஒரு பாடி

என்னை உட்காரச் சொல்லாதீர்கள். உங்களுக்கெல்லாம் இப்போது ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், நன்றாக உட்காருங்கள். எங்கள் காலத்தில் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும் வரை நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். அப்படிப் பழகிய கால் இது. வேலையை விட்டு வீட்டில் இருக்கும்போதும் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். "ஏம்மா இப்புடிப் பறக்குற, ஒரு எடத்துல உக்காரேன்" என்று மகள் திட்டுகிறாள். இங்கேயும் நடந்துகொண்டேதான் பேசுவேன். பார்த்துத் தலை சுற்றினால் என்னைப் பார்க்க வேண்டாம், காதை மட்டும் கொடுங்கள்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று மேனேஜர் கூப்பிட்டார். மடிப்பது, அடுக்குவது, பில் போடுவது, இதையெல்லாம் உங்கள் சூப்பர்வைசர் சொல்லிக் கொடுப்பார். அதில் எனக்கு ஒன்றும் பெரிய கெட்டிக்காரத்தனம் கிடையாது. பாதி நாள் பில்லில் தப்புப் போட்டுத் திட்டு வாங்கினவள் நான். ஒரே ஒரு திங்கட்கிழமை சாயங்காலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் சேர்ந்திருப்பது பெண்கள் உள்ளாடைப் பிரிவு. இந்தக் கடையிலேயே வாடிக்கையாளர் வாயைத் திறக்காத ஒரே பிரிவு இதுதான். பட்டுப் புடவை எடுக்க வருகிறவள் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வருவாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், சண்டை போடுவாள். அவளே நம்மிடம் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "அது வேணும்" என்பாள். நம் பக்கத்தில் அதற்குப் பாடி என்றுதான் பேர், அந்தப் பேரைச் சொல்லக்கூட அவ்வளவு கூச்சம். வாங்கியதைப் பேப்பரில் சுற்றித் தரச் சொல்வாள். வீட்டில் துவைத்தால் கொடியில் போட்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவாள். வெயில் படாது, காற்றும் படாது, பாதி ஈரத்தோடு மறுபடி உடம்பில் ஏறும். இவ்வளவு ஒளித்து வைக்கிற ஒரு சாமானைப் பற்றி அவள் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்பாள்? நம்மிடம்தான் கேட்டாக வேண்டும். நாமும் "சைஸ் என்ன?" என்று கேட்டுப் பெட்டியை நீட்டிவிட்டால் அவள் கதை அதோடு முடிந்தது.

சரி, அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

முகூர்த்த நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. கீழ ராஜ வீதியில் நடக்க இடமில்லை. நம் கடையில் படிக்கட்டு வரைக்கும் கூட்டம். பொன்னமராவதியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் வைத்து வந்து, பட்டுப் பிரிவை அப்படியே வளைத்துப் பிடித்திருந்தார்கள். எனக்குக் காலையிலிருந்து ஒரு வாய் டீ இறங்கவில்லை. கண்ணில் பட்டவரையெல்லாம் கடித்துக் குதறும் நிலைமையில் நின்றேன்.

அப்போது ஒரு பெண்ணும், அவளுக்குப் பின்னால் ஓர் அம்மாவும் வந்தார்கள். பெண்ணுக்கு இருபத்தைந்து தாண்டியிருக்கும். நல்ல உயரம், நல்ல உடம்பு. சுடிதார் துப்பட்டாவை மார்பின் குறுக்கே இழுத்து, இடுப்பில் முடிந்திருந்தாள். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை, குதிகாலைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தாள். கையில் இருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. கவுண்டரில் நின்ற நம் கடைப் பிள்ளையிடம் அவள் மெதுவாக என்னவோ சொல்ல, பிள்ளை ஒரு பெட்டியை எடுத்து நீட்டியது. பெட்டியில் ஸ்போர்ட்ஸ் என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே இருந்தது என்ன? எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதன்முதலில் போடுகிற மெல்லிய பருத்திப் பாடி. பெட்டியில் ஸ்போர்ட்ஸ் என்று போட்டதெல்லாம் ஓடுவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடலாம், அவ்வளவுதான்.

"என்ன சைஸ்?" என்று பிள்ளை கேட்டது.

"முப்பத்தாறு. டெய்லர் சொன்னாரு" என்றாள் அவள்.

பின்னால் நின்ற அம்மா உடனே, "முப்பத்தெட்டாக் குடு தாயி. தண்ணியில போட்டா சுருங்கிரும். ஒரு சைஸ் பெருசா எடுத்தா நெறைய நாளைக்கு ஒழைக்கும்" என்றார்.

நம் பெண்களில் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு இது, அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். டெய்லர் ரவிக்கைக்கு எடுப்பது மார்பின் மேல் சுற்றிய அளவு. பாடியைப் பிடித்து நிறுத்துவது மார்புக்குக் கீழே சுற்றி வருகிற பட்டை. ரவிக்கை அளவையே பாடிக்கும் சொன்னால் பட்டை தொளதொளவென்று கிடக்கும். அதற்கு மேலும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் கேட்கவே வேண்டாம். பிள்ளைக்கு யூனிபார்ம் எடுக்கிற மாதிரி, வளர வளரப் போட்டுக்கொள்வதற்கா இது?

பிள்ளை பில் போடப் போய்விட்டது. நான் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"எதுக்கும்மா இது?"

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஓடுறதுக்குங்க்கா."

"எங்க ஓடப் போற?"

"நாளைக்குக் காலையில போலீஸ் செலக்ஷன். திருச்சியில. ரன்னிங் இருக்கு."

"நாளைக்கு ஓட்டத்த வச்சுக்கிட்டு இன்னைக்குச் சாயங்காலமா வாரே?" என்று கத்திவிட்டேன். பசி வேறு.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பேர் சுகந்தி, ஊர் கறம்பக்குடிப் பக்கம். கூட வந்தவர் மாமியார். புருஷன் சிங்கப்பூரில் வேலை. மூன்று வயதில் ஒரு பிள்ளை. எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டாள். போன முறையும் பாஸாகி, ஓட்டத்தில் தோற்றுப் போனாள். அடுத்த முறைக்கு வயசு தாண்டிவிடும், மனுப் போடவே முடியாது. நாளைக் காலையில் ஓடினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பயிற்சி கொடுத்த மாஸ்டர் பிள்ளைகளையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். போன் அடித்தது அவர்தான்.

"மாஸ்டர் கைய வீசி ஓடு, வீசி ஓடுன்னு கத்துவாருங்க்கா. வீசத்தான் பாக்குறேன். ரெண்டு எட்டு வச்சதும் கை தானா மாருக்குப் போயிருது. கிரவுண்டு ஓரத்துல பசங்க நிப்பாய்ங்க. சிரிப்பாய்ங்க. அதுனால ரெண்டு பாடிய ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டு, மேல சிம்மீஸ் போட்டு இறுக்கிருவேன். அப்பறம் மூச்சு விட முடியல. இன்னைக்குக் காலையில அதுல ஒண்ணு பட்டுனு அந்து போச்சு. நாளைக்கு ஒண்ண மட்டும் போட்டுக்கிட்டு எப்புடிக்கா ஓடுவேன்?"

திரைக்குப் பின்னால் கூட்டிப் போய் அளவெடுத்தேன். தோளில் பட்டை பதிந்த தழும்பு. மார்புக்குக் கீழே உராய்ந்து உராய்ந்து தோல் சிவந்து வெடித்திருந்தது. அதில் மஞ்சளைக் குழைத்துப் பூசியிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று தெரியாத கோபம். ஓடுவதற்கு ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், முட்டையும் பாலும் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பற்றி மட்டும் அந்தப் பிள்ளையிடம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை. ரணத்தோடு இத்தனை நாள் ஓடியிருக்கிறாள்.

கவுண்டரில் அவளுக்கு ஆகிற சாமான் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஓர் ஏஜென்ட் எப்போதோ நம் தலையில் கட்டிவிட்டுப் போன பெட்டி ஒன்று மேலே சரக்கு அறையில் கிடந்தது. நிஜமாகவே ஓடுகிறவர்களுக்கான சாமான், அகலமான தோள்பட்டையும் கெட்டிப் பட்டையுமாக. நம் ஊரில் யார் வாங்குவார்கள்? விற்காமல் கிடந்து டெட் ஸ்டாக் ஆகிவிட்டது.

"வா என்னோட" என்று படியேறினேன். மாமியாரைப் படிக்கட்டுப் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்தேன். பெண்டாட்டிமார் எப்போது வருவார்கள் என்று ஆண்கள் காத்துக் கிடப்பார்களே, அந்த நாற்காலிகள். உட்காரும்போதே அவர், "சீக்கிரம் ஆத்தா, வேன்காரரு கத்துறாரு" என்றார்.

மற்ற கடைகளில் சுவரில் மாட்டியிருக்கும் போர்டை எல்லோரும் படித்திருப்பீர்கள். உள்ளாடைகளைப் போட்டுப் பார்க்க அனுமதி இல்லை, மாற்றித் தரப்பட மாட்டாது. அன்றைக்கு நம் கடையிலும் அந்த போர்டு இருந்தது. அதற்கு நேர் கீழே நடந்துதான் அவளைச் சரக்கு அறைக்குக் கூட்டிப் போனேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். கீழே கவுண்டரில் ஆள் நிற்கிறது, மேனேஜர் இன்டர்காமில் கூப்பிடுகிறார், அவள் போன் வேறு அடிக்கிறது. எல்லாம் சேர்ந்து என்னைப் பிடித்து உலுக்கின.

முதலில் எடுத்தது அளவுக்குச் சரியாக இருந்தது. போட்டுக்கொண்டு நின்றாள். பார்க்க அவ்வளவு கச்சிதம். அவளுக்கே முகம் மலர்ந்துவிட்டது. "இது போதும்க்கா, கெளம்புறேன்" என்று சுடிதாரை எடுத்தாள். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. பில் போட்டு அனுப்பிவிட்டால் அவளுக்கு வேன் கிடைக்கும், எனக்கு டீ கிடைக்கும்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எல்லோரும் அவசரப்படுகிற நேரம், எல்லோருக்கும் திருப்தி வந்துவிட்ட நேரம். அப்போதுதான் நம் வேலை ஆரம்பிக்கிறது. நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அவள் நாளைக்கு நிற்கவா போகிறாள்?

"குதி" என்றேன்.

"என்னக்கா?"

"குதிடி. அங்கிட்டிருந்து இங்கிட்டு ஓடியா. கையை வீசி."

கூச்சப்பட்டுக்கொண்டே பெட்டிகளுக்கு நடுவில் ஓடினாள். நான் மார்பைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். மூன்றாவது எட்டில் கை உள்ளே மடங்கி மார்புக்குப் போய்விட்டது. அவளுக்கே தெரியவில்லை.

"ஒன் கை எங்க இருக்குன்னு பாரு."

குனிந்து பார்த்தாள். முகம் செத்துப் போனது. கீழ்ப்பட்டை மேலே ஏறியிருந்தது.

அடுத்ததை எடுத்து இழுத்துப் பார்த்தேன், ரப்பர் மொறுமொறுவென்று உள்ளுக்குள்ளேயே உடைந்தது. கிடந்து கிடந்து உயிர் போன சரக்கு. அடியில் இருந்த இன்னொன்று இறுக்கமாகப் பிடித்தது, அவளுக்குச் சந்தோஷம். "மூச்சை நல்லா இழுத்து விடு" என்றேன். இழுக்க முடியவில்லை. "பரவால்லக்கா, ரெண்டு போட்டு ஓடுனதுக்கு இது தேவலாம்" என்றாள். "தேவலாம்னு ஓடித்தானே போன தடவை தோத்த?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாயில் வந்துவிட்டது. தானாகவே அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டுக் கவிழ்த்துத் தேட ஆரம்பித்தாள்.

பெட்டியின் அடியில் மயில்கழுத்து நிறத்தில் ஒன்று கிடந்தது. ரப்பரை இழுத்தேன், சுண்டிவிட்ட மாதிரி திரும்பியது. பின்னால் கொக்கியை மாட்டினேன். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைந்தது, மூன்றாவது நுழையவில்லை. ரணத்தில் உராயாமல் இருக்க ஒரு மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைத்தேன். மூச்சை இழுத்துப் பார்த்தாள், முழுசாகப் போய் வந்தது.

"இப்ப குதி."

குதித்தாள். கையைத் தலைக்கு மேலே தூக்கிக் குதித்தாள். பட்டை இம்மியும் நகரவில்லை. அங்கிட்டிருந்து இங்கிட்டு ஓடினாள், இங்கிட்டிருந்து அங்கிட்டு ஓடினாள். கை இரண்டும் பக்கவாட்டில் முன்னும் பின்னும் போய் வந்தன. நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை. வேர்த்துக் கொட்டுகிறது, சிரிக்கிறாள், அழுகிறாள், குதித்துக்கொண்டே இருக்கிறாள்.

"அக்கா, கை தானாப் போகுதுக்கா. அது பாட்டுக்குப் போகுது."

நான் அங்கிருந்த பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். மூக்கைச் சிந்தினேன். வெட்கமெல்லாம் ஒன்றுமில்லை.

உங்களில் பழைய கட்டிடத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், அந்தச் சரக்கு அறைக்கு மரப்பலகைத் தளம். அதற்கு நேர் கீழே பட்டுப் பிரிவு. கதவை யாரோ தடதடவென்று இடித்தார்கள்.

"ஸ்டெல்லாக்கா! உள்ள என்னக்கா நடக்குது? கல்யாணப் பொண்ணு தலையில தூசி கொட்டுது!" மேனேஜர் குரல்.

"எலி சார்" என்றேன்.

"எலியா? நாலு மாடு ஓடுற மாதிரி இருக்கு!"

உள்ளே சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்த மேனேஜர்தான் இதோ பின்னால் நின்று சிரிக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை, கேளுங்கள்.

அவள் அதன் மேலேயே சுடிதாரைப் போட்டுக்கொண்டாள். கதவைத் திறந்தேன். மேனேஜர் சிதறிக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேர்த்து வழிந்து நின்ற அவளைப் பார்த்தார். எங்கள் பின்னாலேயே பில் கவுண்டர் வரைக்கும் வந்தார். ஆள் நடுவில் திட்ட வேண்டாம் என்று அடக்கிக்கொண்டு வருகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

மாமியார் எழுந்து வந்தார். "கெடைச்சிருச்சா? நல்லது. இதப் பத்திரமா பையில வையி, புதன்கெழமை போட்டுக்கலாம்."

எனக்குப் புரியவில்லை. "புதன்கெழமையா? நாளைக்குத்தானேங்க ஓட்டம்?"

"நாளைக்குச் செவ்வாக்கெழமைல்ல? புதுத்துணிய எடுத்த எடுப்புல செவ்வாக்கெழமை உடுத்தலாமா?"

"அத்தை..." என்றாள் சுகந்தி. குதித்துச் சிரித்த முகம் அப்படியே இருண்டுவிட்டது.

நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். என்ன மூடத்தனம் என்று கேட்க வந்துவிட்டது. அதற்குள் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. போன தடவை இவளுக்குப் புதுசா ஷூ எடுத்து, செவ்வாக்கெழமையும் அதுவுமாப் போட்டுவிட்டேன். நாந்தான் போட்டுவிட்டேன். பாதி ஓட்டத்துல காலு கொப்பளிச்சு வெடிச்சு, நொண்டிக்கிட்டு வந்தா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு சோறு திங்கல இவ. மறுக்கா அப்படி ஒண்ணு ஆகிப்போச்சுன்னா நான் எம் மகனுக்கு என்ன பதில் சொல்லுவேன்? இது போனா இனி இல்லங்கிறாக. நான் எப்புடி சாமியச் சோதிக்கிறது?"

அவரும் அந்தப் பெண் ஜெயிக்க வேண்டும் என்றுதான் தவித்தார். எங்கள் எல்லோரையும் விட அதிகமாகவே தவித்தார். புதுசைப் போட்டால் புண்ணாகும் என்பது ஷூ விஷயத்தில் நிஜம்தானே? கிழமையில் அவர் அதைக் கட்டி வைத்திருந்தார். அந்தக் கட்டை அந்த நேரத்தில் அவிழ்க்க எனக்கு வழி தெரியவில்லை. போன் மறுபடி அடித்தது. வேன் கிளம்புகிறதாம்.

அடக்கி வைத்திருந்த மேனேஜருக்கு அப்போதுதான் பொறுமை போனது. "என்னது, பையில வச்சுப் புதன்கெழமையா? ஏம்மா, போட்டுட்டு மேல அரை மணி நேரமா குதிச்சிருக்கு இந்தப் பொண்ணு! வேர்வையில ஊறிப் போயி நிக்குது. இனிமே இதப் புதுசுன்னு எவ வாங்குவா? இது பழசும்மா! நாளைக்குப் பின்ன, போடல, வேணாம்னு திருப்பிக் கொண்டாந்தா கடையில எடுக்க மாட்டோம். ஸ்டெல்லாக்கா, அந்த போர்டு எதுக்கு மாட்டியிருக்கு?"

சும்மா விடுவேனா? பிடித்துக்கொண்டேன்.

"கேட்டீங்களா? மேனேஜரே சொல்லிட்டாரு, பழசாம். கடை கணக்குலயே பழசு. ஒங்க மருமக திங்கக்கெழமையே கட்டிப் பழசாக்கிட்டா."

மேனேஜர் ஆடு திருடினவர் மாதிரி முழித்தார்.

மாமியார் யோசித்தார். மருமகளைக் கிட்டே இழுத்தார். அத்தனை ஆண்பிள்ளைகள் நிற்கும் பில் கவுண்டரில், சுடிதார் தோள் ஓரத்தை விலக்கி, மயில்கழுத்துப் பட்டையை விரலால் இழுத்து, குனிந்து முகர்ந்து பார்த்தார். கவுண்டர் பையன் தலையைக் குனிந்துகொண்டான். பொன்னமராவதிக் கல்யாண வீட்டார் கை வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"வேர்வ நாத்தந்தான்" என்றார். இன்னொரு தடவை முகர்ந்தார். "ஆமா. பழசுதான்." நிமிர்ந்தார். "அப்பறம் என்னத்துக்கு நிக்கிற? ஓடு!"

"கழட்டாத, இதோடயே வேனுக்கு ஓடு, இன்னுங் கொஞ்சம் பழகட்டும்" என்று நான் கத்தினேன்.

கடை வாசலில் நின்று பார்த்தேன். கீழ ராஜ வீதியில் அந்தக் கூட்டத்துக்குள் சுகந்தி ஓடினாள். துப்பட்டா நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கத் திரும்பவில்லை. மாமியார் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க, செலக்ஷனுக்குப் போற புள்ள" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். பூக்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஆட்டோக்காரர் ஒருத்தர் வண்டியை நிறுத்திவிட்டார். ஊரே பார்க்க ஓடுகிறாள். அவள் கை ஒரு தடவைகூட மார்புக்குப் போகவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுக்கியதையே கலைத்துக் கலைத்து அடுக்கினேன். வந்தவர்களிடம் எரிந்து விழுந்தேன். அவசரத்தில் போன் நம்பர்கூட வாங்கி வைக்கவில்லை. நான் வைத்த பருத்தித் துணி நழுவியிருக்குமோ, கொக்கி விட்டிருக்குமோ, நாள்பட்ட சரக்காயிற்றே, ரப்பர் பாதி வழியில் அறுந்திருக்குமோ? அறுந்தால் அவள் தலையெழுத்து என் கையால் போனதாகத்தானே அர்த்தம்? ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பயம் உங்களுக்கும் ஒரு நாள் வரும். வரட்டும். அது வராதவர்கள் காய்கறி விற்கப் போகலாம், பாவம், அதற்கும் ஒரு கவனம் வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் கடை போன் அடித்தது. பில் கவரில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார் மாமியார்.

"அக்கா, ஒரு சந்தேகம். அத வெந்நியில போடலாமா, பச்சத் தண்ணியா? மொதல்ல தொவைக்கவே வேணாம்னுதான் நெனச்சேன். ராசியான சாமானாச்சே, வெள்ளிக்கெழமை லாங் ஜம்ப்பு வேற இருக்கு. அவதான் நாறுதுன்னு கத்துறா."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. "லாங் ஜம்ப்பா? அப்படின்னா ஓட்டம்?"

"அடடா, அதச் சொல்லலையா? ஓடிட்டால்ல! மொத வரிசையில வந்துட்டா. நான் கேட்டுக்கு வெளிய நின்னதுல ஒண்ணுந் தெரியல. மாஸ்டர்தான் சொன்னாரு, ரெண்டு கையும் ரெக்கையாட்டம் வீசிக்கிட்டு வந்தான்னு. அது கெடக்கட்டும், வெந்நியா பச்சத் தண்ணியா?"

"பச்சத் தண்ணிங்க, பச்சத் தண்ணி. முறுக்கிப் பிழியாதீங்க. நெழல்ல போடுங்க, நல்லாக் காத்துப் படணும்" என்றேன்.

பிறகு சுகந்திக்கு வேலை கிடைத்தது, காக்கிச் சட்டை போட்டாள், தன்னோடு பயிற்சி எடுத்த பிள்ளைகளையெல்லாம் நம் கடைக்கு அனுப்பினாள். கடையை இடித்துக் கட்டியபோது சரக்கு அறை இருந்த இடத்தில், உள்ளாடைகளைப் போட்டுப் பார்ப்பதற்கென்றே, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தப் பெரிய அறையை மேனேஜரே கட்ட வைத்தார். தரையும் இப்போது கான்கிரீட். இதெல்லாம் அப்புறம் நடந்தவை. அந்தப் புதன்கிழமை போனில்தான் என் மனது இன்னும் நிற்கிறது.

ஏனென்றால் வைத்த போன் கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. அதே மாமியார்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே அலசி, வாசக் கொடியில போட்டுட்டேன். தெருவுல போற வாரவுகெல்லாம் என்னதுன்னு கேக்குறாக. எம் மருமக செலக்ஷன்ல ஓடுனதுன்னு சொன்னேன்." போனை வைக்கும் முன்னால் சொன்னார், "மேல துண்டு போடலக்கா."